நிவாரணம் முடிந்தபின் தொடங்கும் தவறுகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய வாரங்களில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அன்போடுதான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டத்தில், இறந்தவர்களைத் தேட வேண்டிய ஆட்கள் துணி அள்ள வேண்டியதாயிற்று. என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுத்ததன் விளைவு அது. துணியையாவது அள்ளிவிடலாம். இதே தவறு வீட்டிலும் தொழிலிலும் நடந்தால் ஒரு தலைமுறை சுமக்க வேண்டியிருக்கும்.

பேரிடர் முடிந்ததும் சேதப் பட்டியல் போடுகிறோம்: எத்தனை வீடு, எத்தனை படகு, எத்தனை மரம். உடைந்த பொருளை எண்ணுவது சுலபம். அந்தப் பொருளை நம்பி யார் யார் சாப்பிட்டார்கள் என்பது அந்தப் பட்டியலில் வராது. மீட்புப் பணி சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படகையே எடுத்துக்கொள்வோம். சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்தன. எண்ணிக் காட்டவும் படம் எடுக்கவும் வசதியான உதவி அது. அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்கள் பலர் சொந்தப் படகுக்காரர்களானார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் படகு பெருகிய ஊர்களில் கடலுக்குப் போக ஆள் போதவில்லை. கரையோர மீன்வளமோ கூடவில்லை. அந்த மீனை வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்ற பெண்கள் அலையில் இழந்தது கூடையும் கைமுதலும்தான். அந்தச் சிறு முதலைத் திருப்பிக் கொடுக்கப் படகுக்கு இருந்த வேகம் இருக்கவில்லை.

இன்னொரு தவறு, ஊரில் யார் முன்னால் வந்து பேசுகிறார்களோ அவர்களே மொத்த ஊர் என்று நினைத்துக்கொள்வது. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து இல்லையென்றால் அந்த நாட்களில் விநியோகமே நடந்திருக்காது. ஆனால் அங்கே பெரும்பாலும் ஊர்வரி கட்டும் குடும்பக் கணக்கில்தான் பங்கு பிரியும். ஆண் துணையில்லாத பெண்களின் வீடு அந்தக் கணக்கில் பின்தங்கும், சில இடங்களில் விழவே விழாது. கழிமுகத்தில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இருளர்களும், வயற்கூலிகளான தலித் குடும்பங்களும் கடற்கரைப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். உதவ வருபவர்கள் ஊர்த்தலைவர் வீட்டில் தேநீர் குடித்த பிறகு ஊரின் கடைசித் தெருவரை ஒருமுறை நடந்துவிட வேண்டும்.

வீடு கட்டும்போது நடந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுப்ப இடம் வேண்டும் என்று சில மீனவர் ஊர்களில் நின்றிருந்த மரங்களை வெட்டினார்கள். அலைக்குத் தப்பிய மரங்கள் அவை! அந்த நிழலில்தான் வலை பின்னினார்கள், மீனைத் தரம் பிரித்தார்கள், கிழவர்கள் கட்டில் போட்டுப் படுத்தார்கள். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரையின் கீழ் எப்படிப் படுப்பது? கீற்று வேய்ந்த தாழ்வாரத்தை அவரவரே முன்னால் இறக்கிக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகக் கடலிலிருந்து தள்ளிக் குடியமர்த்தியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வலையும் எஞ்சினும் வைக்கக் கரையில் இடம் ஒதுக்காமல் வீட்டை மட்டும் தள்ளிவைத்தால், அந்தச் சுமை தினமும் தோளில் ஏறும்.

அதே மாவட்டத்தில் நிலத்தை மீட்ட விதம் வேறு மாதிரி. உப்பேறிய வயல் இனி பல வருடம் விளையாது என்ற பேச்சு பலமாக இருந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் உள்ளூர் உழவர்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து கடல் சேற்றை அகற்றினார்கள், மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தார்கள், பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள், உப்பைத் தாங்கும் நெல் ரகங்களை நட்டார்கள். எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வயல்கள் பச்சை கண்டன. அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் கையில் வேலை இருந்தது, அதனால் நடந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு இழப்பீடு அறிவித்தது. அது தோப்புக்காரருக்கு. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோரின் வருமானமும் அதே காற்றில்தான் விழுந்தது. எண்ணுவதற்கு அவர்களிடம் மரம் இல்லை.

தோப்பிலும் அவசரத்தில் மறந்துவிடும் ஒரு வேலை உண்டு. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மட்கும் தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பக்கத்தில் புதுக் கன்று நட்டால் அதன் குருத்தைக் குடைந்துவிடும். ஆகவே தடிகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். முடியாத இடத்தில் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைப் பயன்படுத்துங்கள். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். நிவாரண முகாமோ சில வாரங்களில் கலைந்துவிடும். இடைப்பட்ட வருடங்களில் தோப்புக்காரருக்கு ஊடுபயிர் ஏதாவது கைகொடுக்கும். கீற்று முடைந்தவருக்கு என்ன வழி என்பதைக் கன்று நடும் அன்றே ஊரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்தில் அவரும் இருக்க வேண்டும்.