கருவேலங்காட்டுக்கு ஒரு ஜோடி ராணுவ பூட்ஸ்

கண்மாய்க்கரையில் ஹவாய் செருப்போடு நடந்த யாருக்கும் சீமைக்கருவேல முள்ளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பைக் டயரையே பஞ்சராக்குகிற முள் அது. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்மண், சரளை, கருவேலம், நெருஞ்சி. வேட்டங்குடியில் பறவை பார்க்கவோ பிரான்மலை ஏறவோ ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆர்மி ஷூ வாங்கலாமா?" என்றுதான்.

வாங்கலாம். ஆனால் நான் முதல் ஜோடி வாங்கிய மாதிரி வாங்காதீர்கள்.

அது ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டு ராணுவத்துச் சரக்கு. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பெட்டி பிரிக்காதது, ஒரு நாள்கூடக் காலில் ஏறாதது, தோல் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிரான்மலையில் இறங்கும்போது பாதி வழியில் வலது கால் மெத்தென்று அமுங்கியது. குனிந்து பார்த்தால் சோலின் நடு அடுக்கு, நமத்துப்போன அதிரசத்தைப் பிட்ட மாதிரி, துண்டு துண்டாகப் பாறையில் கிடந்தது. மிச்சப் படிகளை லேஸால் சோலைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஊருக்கு வந்து செருப்புத் தைக்கும் அண்ணனிடம் காட்டினேன். கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்: "இதுல ஊசி எறங்காது தம்பி. உள்ள எல்லாம் மாவாப் போச்சு."

அதனால் இந்த விளக்கத்தில் சோலுக்கே அதிக இடம். தோலை எண்ணெய் போட்டுத் தேற்றிவிடலாம், லேஸை மாற்றிவிடலாம். சோல் போனால் பூட்ஸே போச்சு.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

'ஆர்மி சர்ப்ளஸ்' என்றால் ராணுவம் தேவைக்கு மேல் வாங்கி, பிறகு கழித்துவிட்ட சரக்கு. கடையில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பாலானவை அந்த ஜாடையில் செய்த சாதாரணப் பூட்ஸ். அதில் தவறில்லை, அந்த விலைக்கு வாங்கினால் சரி.

நம் ஊருக்கு ஒத்துவருவது இரண்டு வகை. ஒன்று, கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸ், ரப்பர் சோலோடு. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு டி.எம்.எஸ். (டைரக்ட் மோல்டட் சோல்) பூட்ஸ் என்றால் தெரியும். சோலைத் தைக்காமல், மேல்தோலோடு நேரடியாக அச்சில் வார்த்துச் சேர்ப்பதால் அந்தப் பெயர். உறுதியானது, கனமானது, வெயிலில் கால் வேகும். இன்னொன்று ஜங்கிள் பூட்ஸ்: மேல்பாகம் கான்வாஸ், கீழே ரப்பர். நம் கடைகளில் ஹன்டர் ஷூ என்றும் சொல்வார்கள். விலை குறைவு, காற்றோட்டம் உண்டு, நனைந்தால் சீக்கிரம் காயும். குறை என்னவென்றால் பக்கவாட்டில் வரும் முள்ளைக் கான்வாஸ் தடுக்காது.

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் போட்ட ஜங்கிள் பூட்ஸில் இதற்கு ஒரு நல்ல தீர்வு இருந்தது. பாதமும் குதிகாலும் தோல், மேலே கணுக்காலைச் சுற்றி மட்டும் துணி. உள்பக்கம் வளைவில் தண்ணீர் வடிய இரண்டு சிறு ஓட்டைகள். எதிரிகள் குழியில் நட்டு வைத்த கூரான மூங்கில் குச்சிகள் பாதத்தில் ஏறாமலிருக்க, பின்னாளில் சோலுக்குள் உலோகத் தகடும் வைத்தார்கள். கருவேல முள்ளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் யோசித்திருக்க முடியும்! இன்று கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள், பலவற்றில் தகடு இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

உள்ளே பஞ்சு வைத்த பனிக்கால பூட்ஸ் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் புகாத சவ்வு வைத்தவையும் நமக்கு வேண்டாம். ஐப்பசி மழையில் வரப்பில் கால் வழுக்கி முழங்கால் வரை இறங்கினால், மேலே புகுந்த தண்ணீர் வெளியே போக வழியிருக்காது. சித்திரை வெயிலில் வியர்வைக்கும் அதே கதிதான்.

படி 2: சோலைப் பாருங்கள், அப்புறம் விலை பேசுங்கள்

என் முதல் ஜோடி உடைந்ததற்குக் காரணம் பாலியூரித்தேன். லேசாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும் என்று பல பூட்ஸில் நடு அடுக்கை இந்தப் பொருளில் செய்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் அது பாட்டுக்கு நடக்கும். பெட்டிக்குள் புதிதாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. குடோனில் பல வருடம் கிடந்த சரக்குதான் சர்ப்ளஸ் என்பதை இதோடு சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் விதம்: சோலின் பக்கவாட்டில் கட்டை விரல் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து திரும்பி வராவிட்டால், அல்லது விரலில் பிசுபிசுப்போ பொடியோ ஒட்டினால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு முன்பாதத்தைப் பிடித்து நன்றாக வளையுங்கள். வளைவில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கெட்டி ரப்பர் சோலும் வயதானால் இறுகி வெடிக்கும், ஆனால் இப்படி மாவாகாது. கையில் தூக்கினால் ரப்பர் கனமாக இருக்கும். வியாபாரி "வெயிட்டே தெரியாது சார்" என்று புகழ்ந்தால் சந்தேகப்படுங்கள்.

தயாரித்த வருடம் பூட்ஸ் நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் மடிப்பு) உள்பக்கத்திலோ சோலிலோ அச்சிட்டிருக்கும். பத்து வருடம் தாண்டிய பாலியூரித்தேன் சோலை நான் தொடுவதில்லை. ரப்பர் என்றால் அதைவிடப் பழசையும் யோசிப்பேன். ராணுவச் சரக்கு என்று காட்ட, பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த அம்புக்குறி முத்திரையும் சிலவற்றில் இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள், முத்திரை குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

சோலை ஓரத்தில் சுற்றித் தைத்திருந்தால் இன்னும் நல்லது. தேய்ந்தபின் பிரித்து வேறு சோல் போடலாம். ஒட்டியதிலும் வார்த்ததிலும் அது சிரமம்.

பயன்படுத்திய ஜோடி என்றால் மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது வேறொருவரின் நடை. உங்கள் முழங்கால் அந்த நடையைப் பழக வேண்டாம்.

எங்கே வாங்குவது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் உருளி, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் கிடைக்கும். பூட்ஸ் தேடி நான் ஏறி இறங்கியதற்கு ஒரு மரக் கடகாப்பெட்டிதான் மிச்சம். சென்னைக்குப் போனால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பார்க்கலாம். டெல்லி கன்டோன்மென்ட்டில் கோபிநாத் பஜார் இதற்கே பேர்போனது. ஆன்லைனில் என்றால் சோலின் படமும் வருட முத்திரையின் படமும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

படி 3: அளவு

இந்திய அளவும் பிரிட்டன் அளவும் ஒன்றே. அமெரிக்க அளவில் ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்று கூடும்: நம் 8 அங்கே 9. ஐரோப்பிய அளவில் அது கிட்டத்தட்ட 42. நேட்டோ நாட்டுச் சரக்கில் 265/104 மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். பயப்படாதீர்கள், இதுதான் எல்லாவற்றிலும் நேர்மையான முறை. முதல் எண் பாதத்தின் நீளம், இரண்டாவது அகலம், இரண்டுமே மில்லிமீட்டரில்.

அளப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு, ஒரு தாளில் நின்று, பென்சிலை நேராகப் பிடித்து வரையுங்கள். இரண்டு காலையும் வரைந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வயதிலிருந்து செருப்போடு திரிந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருப்பது வழக்கம். நீளம் பார்த்து வாங்கிவிட்டு அகலத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மலை இறங்கும்போது கட்டை விரல் நகம் கறுத்துவிடும்.

படி 4: பழக்குவது

செட்டிநாட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள்' என்று எல்லாரும் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பூட்ஸோடு நடந்தால் என் அப்பத்தா விளக்குமாற்றைத்தான் எடுப்பார். எனவே மொட்டை மாடி. வெயில் தாழ்ந்தபின் முதல் நாலு நாள் அரை மணி நேரம், அப்புறம் ஒரு மணி. அடுத்த வாரம் கண்மாய்க்கரை வரை. இப்படி மூன்று வாரம் ஆனபின் மலையை யோசிக்கலாம்.

தண்ணீரில் ஊறவைத்து, காலிலேயே காயவிட்டால் படிந்துவிடும் என்று பழைய பட்டாளத்துக்காரர்கள் சொல்வதுண்டு. நம் வெயிலில் அப்படிக் காய்ந்த தோல் வெடிக்கும். செய்யாதீர்கள். கிராமத்தில் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுவார்களே, அதையே விறைத்த இடத்தில் மட்டும் துணியில் தொட்டு லேசாகத் தேயுங்கள். முக்கி எடுத்தால் தோல் தொளதொளத்துவிடும்.

குதிகால் மேலே தூக்கினால் லேஸ் கட்டுவதில் சரி செய்யலாம். கணுக்கால் மடியும் இடத்தில் இரண்டு லேஸையும் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு முறை சுற்றி இழுத்துவிட்டு, அதற்கு மேல் தளர்வாகக் கட்டுங்கள். பாதம் பின்னால் ஒட்டி நிற்கும். தோல் சிவந்து சுடத் தொடங்கினால் கொப்புளம் வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கோயில். பிரான்மலை அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர், வழியெல்லாம் சன்னதிகள். பத்து ஜோடிக் கண்ணி உள்ள பூட்ஸை அவிழ்த்துக் கட்டியே பொழுது போய்விடும். பையில் ஒரு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தரிசனம் முடித்து, ஏறத் தொடங்கும் இடத்தில் பூட்ஸுக்கு மாறலாம்.

அப்புறம், பூட்ஸ் போடலாம் என்பதற்காக ராணுவப் புள்ளி போட்ட சட்டை, பேன்ட், தொப்பி என்று முழுசாக இறங்கிவிடாதீர்கள். ராணுவ வீரர் என்று நம்ப வைக்கும் நோக்கில் அவர்கள் உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம்.

படி 5: போட்டு வந்தபின்

முதல் வேலை, சோலைத் திருப்பிப் பார்ப்பது. முள் தலை ஒடிந்து கரும்புள்ளியாக நிற்கும். அப்படியே விட்டால் அடுத்த நடையில் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். சென்ற மாதம் ஒரே சோலில் ஏழு எடுத்தேன். ஒன்று என் சுண்டுவிரல் நீளம். நுனி மட்டும் உள் அட்டையைத் தொட்டு நின்றிருந்தது.

நனைந்திருந்தால் உள் அட்டையை உருவி, பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, திண்ணை நிழலில் வையுங்கள். மாடி வெயிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும். தோலுக்கு மாதம் ஒரு முறை மெழுகுப் பாலிஷ் போதும். பிறர் போட்ட ஜோடியாக இருந்தால் உள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், பூஞ்சைக்கான பவுடரும் தூவுங்கள்.

மறுநாள் காலை போடும் முன் இரண்டையும் கவிழ்த்துத் தரையில் தட்டுங்கள். திண்ணையில் இரவெல்லாம் கிடந்த பூட்ஸ் தேளுக்கு நல்ல வீடு. நான் தட்டியதில் ஒரு முறை வந்திருக்கிறது, சின்னதுதான். அப்பத்தாவின் விளக்குமாறு அன்றைக்கு உதவியது.