உழவராக இருந்து சட்டமன்றம் சென்றவரின் வாழ்க்கையை எழுதும் முறை

பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்து சட்டமன்ற உறுப்பினரான ஒருவரின் வாழ்க்கையை எழுத விரும்புகிறவர்கள், அவர் வென்ற தேர்தலில் தொடங்காமல் அவருடைய கிணற்றில் தொடங்க வேண்டும். கொங்கு நாட்டில் 'நிலம் வைத்திருந்தார்' என்று எழுதினால் எதுவும் விளங்காது. அது கிணற்றுப் பாசனத் தோட்டமா, மழையை நம்பிய மேட்டாங்காடா, காங்கயம் பக்கத்தில் மேய்ச்சலுக்கு விடும் கொறங்காடா, கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயலா என்று பிரித்து எழுதினால்தான், பின்னாளில் அவர் பேரவையில் எதற்காகக் குரல் கொடுத்தார் என்பது புரியும். கிணற்றின் ஆழம், மாடு பூட்டிக் கிணற்று நீரை மேலே இழுக்கும் 'கவலை' இறைத்த காலம், மின்மோட்டார் வந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வந்த ஆண்டு தெரிந்தால், மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள்மீது 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க வழி பிறக்கும்.

வீட்டில் முதலில் பேச வேண்டியவர் அவருடைய மனைவி. "ஏனுங் ஆத்தா, அவுங்க மெட்ராஸ்ல இருந்தப்ப தோட்டத்துக்குத் தண்ணி கட்டுனது யாருங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இரவு ஒரு மணிக்கு மின்சாரம் வந்ததும் அரிக்கேன் விளக்கோடு வரப்பில் நடந்து மடை திருப்பியவர் அந்த அம்மாவாகவே இருக்கலாம். இதை விட்டுவிட்டு எழுதுவது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆவணங்களைத் தேடும்போது பெயர் மாற்றங்களில் கவனம் வேண்டும். ஈரோடு மாவட்டம் 1979-இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் கோவையிலிருந்து பிரிந்தது; சத்தியமங்கலம், வெள்ளக்கோவில் தொகுதிகள் 2008 மறுவரையறைக்குப் பின் இல்லை. வாக்கு விவரங்களைத் தேர்தல் ஆணைய அறிக்கைகளிலும், பேச்சுகளைப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளிலும் பார்க்கலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் களத்தில் இருந்தவரானால் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியைப் பற்றி அவசியம் கேளுங்கள்: உழவர்களின் குறைகளை நாடறியச் செய்ய அங்கே திரளாக மனுத்தாக்கல் நடந்து, 1,033 பேர் போட்டியிட்டார்கள்.

கடைசியாக, பேரவையில் அவர் எழுப்பிய கேள்விகளில் உள்ளூர் சார்ந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாலமோ மதகோ எதுவானாலும், அந்த இடத்துக்கு நடந்து சென்று பாருங்கள். கட்டப்பட்டிருந்தால் அதில் பொறித்துள்ள ஆண்டைக் குறியுங்கள். கட்டப்படவில்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.