காசியில் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

காசிக்குப் போய் வந்தவர்களிடம் "அங்கே என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "சத்திரத்துலயே நம்ம சாப்பாடு கிடைச்சிடுச்சு" என்பார்கள். அது சின்ன விஷயம் இல்லை. நெடுங்காலமாக நடந்து வரும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், கோயிலை ஒட்டிய கடைத்தெருவான கோதௌலியா பக்கத்தில் இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அலுத்து வருகிறவருக்கு அங்கே ஒரு வாய் ரசம் சோறு கிடைப்பது புண்ணியம்தான். ஆனால் மூன்று நாள் தங்கிவிட்டு, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதை ஒருவேளைகூட நாக்கில் வைக்காமல் திரும்பி வருவதை என் மனசு ஏற்பதில்லை.

நான் முதல் தடவை போனபோது ஒரு தப்பு செய்தேன். பிரபலமான கடைகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு, தரிசனம் முடித்து, குளித்துச் சாவகாசமாகப் பதினொன்றரை மணிக்கு ஒரு கச்சோரிக் கடைக்குப் போய் நின்றேன். வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கடைக்காரர் "கல் சுபஹ்" என்றார். நாளைக் காலை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிவு. காசியில் எந்தக் கடை நல்ல கடை என்று தேடுவதற்கு முன், இந்த நேரத்துக்கு, இந்த மாதத்துக்கு என்ன என்று கேட்க வேண்டும். நேரம் சரியாக இருந்தால் பெயர் தெரியாத சந்துக் கடையிலும் நன்றாகச் சாப்பிடலாம்.

படி 1: கிளம்புவதற்கு முன்

மாதத்தைப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் மலையோ என்ற பால் நுரை இனிப்பு உண்டு, பச்சைப் பட்டாணியும் அவலும் சேர்த்த சூடா மட்டர் உண்டு. ஜூன், ஜூலையில் அவை இருக்காது. அதற்குப் பதில் பனாரஸி லங்டா மாம்பழம் குவிந்திருக்கும். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், காய் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

திதி, பிண்டம் என்று சடங்குக்காகப் போகிறவர்கள் அந்த நாளையும் சாப்பாட்டுச் சுற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். சடங்கு நாளில் வெளியே கை நனைக்க முடியாது. காசி, கயையில் காய், பழம் விடும் வழக்கம் உள்ளவர்கள் விடுவதற்கு முந்தின நாளே சுற்றி முடித்துவிடுவது நல்லது.

இந்தி தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். நாலு சொல் போதும். "மிர்ச்சி கம்" என்றால் காரம் குறைவாக. "பினா பியாஸ்-லஸுன்" என்றால் வெங்காயம், பூண்டு இல்லாமல். "கித்னா ஹுவா?" என்றால் எவ்வளவு ஆச்சு. நாலாவது சொல் நமக்கே தெரிந்ததுதான்: நம்ம தொன்னை அங்கே "தோனா".

படி 2: விடியற்காலை, ஆற்றங்கரை

ஐந்தரை மணிக்கு அஸ்ஸி படித்துறைக்கோ கேதார் படித்துறைக்கோ போய்விடுங்கள். எலுமிச்சை பிழிந்து, கறுப்பு உப்பும் மசாலாப் பொடியும் தூவிய பாலில்லாத டீ கிடைக்கும். பெயர் நீம்பூ சாய். உப்பு டீயா என்று முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். குளிரில் இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கும்போது அந்தச் சுளிப்பு போய்விடும். பால் டீதான் வேண்டும் என்றால் அஸ்ஸியிலேயே பப்பு டீக்கடை இருக்கிறது. அரசியல் பேச்சுக்குப் பேர்போன கடை. உட்கார்ந்து கேட்டாலே ஊர் புரியும்.

படி 3: காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கச்சோரி

காசியின் காலை உணவு என்றால் கச்சோரி, சப்ஜி, ஜிலேபி. மூன்றும் சேர்ந்துதான் ஒன்று. நம்ம ஊர் மிட்டாய்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உருண்டைக் கச்சோரியை மறந்துவிடுங்கள். "படீ கச்சோரி" என்பது பூரி மாதிரி பெரிசு, மெத்தென்று இருக்கும். உள்ளே பெருங்காயமும் மசாலாவும் போட்டு அரைத்த உளுந்து. "சோட்டீ கச்சோரி" சின்னது, மொறுமொறுப்பானது, உள்ளே உருளைக்கிழங்கு. தொட்டுக்கொள்ள உருளையும் கறுப்புக் கொண்டைக்கடலையும் போட்ட தளர்வான சப்ஜி.

சௌக் பக்கத்தில் தட்டேரி பஜார் இருக்கிறது. பித்தளைப் பாத்திரக்காரர்களின் சந்து. அங்கேயுள்ள ராம் பண்டார் இதற்குப் பேர்போனது. விசுவநாதர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். முதலில் இரண்டு கச்சோரி மட்டும் சொல்லுங்கள், தொன்னையில் சப்ஜி தீர்ந்தால் "தோடா சப்ஜி" என்று நீட்டுங்கள். கடைசியில் ஜிலேபி. அதே கடையின் மூவர்ண பர்ஃபியையும் பாருங்கள். சுதந்திரப் போராட்டக் காலத்தில், கொடியின் நிறங்களைப் பலகாரத்தில் ஏற்றி வைத்தார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

காசியின் லங்கா என்ற பகுதியில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக வாசலை ஒட்டியிருந்த பழைய கச்சோரிக் கடை, லஸ்ஸிக் கடைகளை யூடியூபில் பார்த்துவிட்டுத் தேடிப் போகாதீர்கள். சாலை விரிவாக்கத்துக்காக 2025 ஜூனில் அவற்றை இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

படி 4: குளிர்காலமா? பத்து மணிக்குள் மலையோ

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பாலைக் காய்ச்சி ஆற வைத்து, இரவு முழுக்கத் திறந்த வானத்தின் கீழே பனியில் வைக்கிறார்கள். விடிவதற்கு முன் கடைந்தால் நுரை எழும்பும். அந்த நுரையை மட்டும் வழித்து எடுத்துக் குங்குமப்பூவும் ஏலக்காயும் சேர்க்கிறார்கள். விற்பது அந்த மஞ்சள் நுரையைத்தான். வெயில் ஏறினால் நுரை அமுங்கிப் பாலாகிவிடும். அதனால்தான் காலையோடு கடை முடிகிறது, குளிர்காலத்தோடு பருவமே முடிகிறது.

சௌகம்பா சந்தில், கோபால் மந்திர் பக்கம், பெரிய தட்டில் குன்று மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். மண் குவளையில் வழித்துப் போட்டு, மேலே பிஸ்தா தூவித் தருவார்கள். கையில் வாங்கினால் கனமே தெரியாது. மரக்கரண்டியில் எடுத்து வாயில் வைத்தால் மெல்ல ஒன்றும் இருக்காது, இனிப்பும் குளிர்ச்சியும் ஏலக்காய் வாசமும் மட்டும் மிஞ்சும். குவளை காலியானதும் எழுந்து போய்விடாதீர்கள். அதே குவளையை நீட்டினால் கடைக்காரர் குங்குமப்பூப் பாலை ஒரு கரண்டி ஊற்றுவார். அதையும் குடித்தால்தான் மலையோ முடிந்தது. லக்னோவிலும் டெல்லியிலும் இதே நுரை வேறு பெயர்களில் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது இந்தச் சந்தில் நின்று சாப்பிடுவதுதான்.

படி 5: மத்தியானம்

மத்தியானத்துக்கு ஊர் சுற்றத் தேவையில்லை. காலையில் கச்சோரி சாப்பிட்ட வயிறு ஓய்வு கேட்கும். சத்திரச் சாப்பாட்டை இந்த வேளைக்கு வையுங்கள். இல்லையென்றால் அன்னபூரணி கோயிலின் அன்னதானத்தில் உட்காருங்கள். சோறு போடுகிறவள் என்றே நாம் கும்பிடுகிற அம்மன் இருக்கும் இடம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள்.

படி 6: சாயங்காலம் ஆறுக்கு மேல் தமாட்டர் சாட்

மற்ற ஊர்களில் சாட் என்றால் பேல்பூரி, பானிபூரி. இங்கே தக்காளி. கோதௌலியாவில் காசி சாட் பண்டார் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். தசாசுவமேத படித்துறை ஆரத்தி முடிந்ததும் கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பும், அதனால் ஆரத்தி முடிவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அகலமான கல்லில் நெய். அதில் தக்காளியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இஞ்சியும் பச்சை மிளகாயும் குழைந்து கொதிக்கும். கரண்டியால் தட்டித் தட்டி மசிப்பார். அந்தச் சத்தம்தான் அந்தத் தெருவின் சாயங்காலச் சத்தம். தொன்னையில் எடுத்துப் போட்டு, சீரகம் போட்ட சர்க்கரைப் பாகு ஊற்றி, மைதாவில் பொரித்த துணுக்குகளை நொறுக்கித் தூவி, கொத்தமல்லி போடுவார். புளிப்பு, இனிப்பு, காரம், சூடு எல்லாம் ஒரே வாயில். துணுக்கு ஊறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுப்பதை அடுத்த தொன்னைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தண்டாய். கேட்டு வாங்குங்கள்

பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ் அரைத்த பால்தான் தண்டாய். கோதௌலியாவில் வரிசையாகக் கடைகள். ஆனால் காசியில் இதில் பாங் (கஞ்சா இலையை அரைத்தது) உருண்டை கலந்து குடிப்பது சிவன் பிரசாதம் என்ற நம்பிக்கையோடு நடக்கிறது, பாங் விற்க அரசு உரிமம் பெற்ற கடைகளே உண்டு. தெரியாமல் குடித்தால் அன்றைய நாளே போய்விடும். அதனால் காசு கொடுப்பதற்கு முன் "சாதா, பினா பாங்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் கூட இருந்தால் இரண்டு தடவை சொல்லுங்கள்.

படி 8: ராத்திரி, கடைசியில் வெற்றிலை

இன்னும் பசி இருந்தால் பாட்டி சோக்கா சாப்பிடலாம். வரட்டியில் சுட்ட கோதுமை உருண்டைதான் பாட்டி. சுட்ட கத்தரிக்காய், உருளையைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது சோக்கா. கடுகெண்ணெய் வாசனை பழகாதவர்களுக்கு மூக்கில் ஏறும், பாதி தட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு வெற்றிலை. தாம்பூலம் நமக்குத் தெரியாததா என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். காசிக்காரர்கள் பச்சை இலையை அப்படியே மடிப்பதில்லை. பீகாரிலிருந்து வரும் மகஹி வெற்றிலையைக் கூடையில் அடைத்துப் பக்குவம் செய்து, பச்சை போய் வெளுக்க விடுகிறார்கள். அப்படிப் பக்குவமானது வாயில் கரையும், நார் தட்டாது. பனாரஸ் பானுக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. வாங்கும்போது "மீட்டா, பினா தம்பாக்கு" என்று சொல்லுங்கள், இனிப்பாகப் புகையிலை இல்லாமல் மடித்துக் கொடுப்பார்.

வாயில் போட்டுக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். வெற்றிலைக் கடைக்காரருக்குத்தான் அந்தத் தெருவில் யார் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தெரியும். "கல் சுபஹ் கச்சோரி கஹாங்?" (நாளைக் காலை கச்சோரி எங்கே?) என்று கேளுங்கள். கையை நீட்டி ஒரு சந்தைக் காட்டுவார், மணியும் சொல்வார். உங்கள் அலாரத்தை அதற்கு அரை மணி முன்னால் வையுங்கள்.