வடசென்னையிலிருந்து வெளியூர்ப் பேருந்து பிடிப்பது எப்படி?

ராயபுரத்துக்காரர்களும் வண்ணாரப்பேட்டைக்காரர்களும் ஒரு காலத்தில் வெளியூர் செல்லப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாரிமுனைக்கு நடந்தே போய்விடுவார்கள். 2002 நவம்பரில் கோயம்பேடு பேருந்து நிலையம் திறக்கப்பட்டதும் அந்த வசதி போயிற்று. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அடுத்த சில வாரங்களில் அங்கே மாற்றப்பட்டபின், எங்கள் பக்கத்து மக்களுக்குப் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே ஒரு பயணம் முடிந்துவிடுகிறது. எனவே நிலையம் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, அதன்பிறகு பேருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிலையம் எது என்பது போகும் திசையைப் பொறுத்தது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், தஞ்சாவூர், சேலம், கோயம்புத்தூர் போன்ற ஊர்களுக்குக் கிளாம்பாக்கம்தான் முதன்மையான நிலையம். காஞ்சிபுரம், வேலூர், ஓசூர், பெங்களூரு ஆகிய மேற்குத் திசை ஊர்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கும் செல்பவர்கள் கோயம்பேட்டை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் மேற்குத் திசைப் பேருந்துகளுக்கென்றே திருமழிசைக்கு அருகில் குத்தம்பாக்கத்தில் ஒரு முனையம் எழுந்திருப்பதால், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறுமிடத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நெல்லூர், காளஹஸ்தி, திருப்பதி, விஜயவாடா என்று ஆந்திரத்துப் பக்கம் போக மாதவரம்.

இந்த மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் ஆந்திரப் பேருந்துகளுக்காகத் திறக்கப்பட்ட நிலையம் இது என்பதால், தெற்கே போகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. 2024 ஜனவரி இறுதியில் கிளாம்பாக்கத்துக்கு மாற்றம் நடந்தபோது, திருச்சி, சேலம், கும்பகோணம், விழுப்புரம், திருவண்ணாமலை போன்ற ஊர்களுக்குச் செல்லும் அரசுப் பேருந்துகளில் ஒரு பகுதியை இங்கிருந்தே இயக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், மணலி பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். நகரத்தை வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே கடக்கும் வேலையை உங்களுக்குப் பதிலாக அந்தப் பேருந்தே செய்துவிடுகிறது. குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் இடையில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டியதில்லை. கிளாம்பாக்கத்தோடு ஒப்பிட்டால் பேருந்துகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆகவே முன்பதிவு செய்யும்போது மாதவரத்திலிருந்து உங்கள் ஊருக்கு வண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் கிளாம்பாக்கத்தை நாடுங்கள். மூலக்கடையைத் தாண்டி செங்குன்றம் பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறினால் மாதவரம் ரவுண்டானாவில் இறங்கிக்கொள்ளலாம். நடத்துநரிடம் ‘மாதவரம்’ என்று மட்டும் சொல்லாமல், ‘ரவுண்டானா பக்கத்திலுள்ள வெளியூர் பஸ் ஸ்டாண்ட்’ என்று சொல்லிக் கேளுங்கள்.

கோயம்பேட்டுக்குப் போக, கடற்கரையை ஒட்டியுள்ள பகுதிகளுக்கு மெட்ரோவைப் போல் எளிதான வழி வேறில்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீட்டிக்கப்பட்டதால் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை மக்கள் வீட்டுக்கு அருகிலேயே ஏறிவிடலாம். சென்ட்ரலில் நீல வழித்தடத்திலிருந்து பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: ‘கோயம்பேடு’ என்ற அறிவிப்பைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பேருந்து நிலையத்துக்கான மெட்ரோ நிலையம் அதற்கு அடுத்தது. புறநகர்ப் பேருந்து நிலையம் என்று அறிவிக்கும் வரை உட்கார்ந்திருங்கள்.

கிளாம்பாக்கத்துக்கு மின்சார ரயிலையே நான் பரிந்துரைப்பேன். மாலை நேரத்தில் ஜிஎஸ்டி சாலையில் பேருந்து எவ்வளவு நேரம் ஊரும் என்பதை யாராலும் கணிக்க முடியாது. ரயிலில் அந்தக் கவலை இல்லை. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வரை செல்லும் ரயிலில் ஏறி வண்டலூரில் அல்லது ஊரப்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்து முனையத்தை அடையலாம். தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயில்களே அதிகம் என்பதால், செங்கல்பட்டு வண்டிக்காக நெடுநேரம் காத்திருக்காமல் தாம்பரம் வரை போய், அங்கிருந்து மாநகரப் பேருந்தில் செல்வதும் ஒரு வழி. எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழித்தட ரயிலில் வருபவர்கள், அந்த வண்டி கடற்கரைக்குப் போகிறதா சென்ட்ரலுக்குப் போகிறதா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. முனையத்துக்குள்ளும் நடை அதிகம்: மாநகரப் பேருந்து இறக்கிவிடும் இடமும் வெளியூர்ப் பேருந்து நிற்கும் இடமும் வேறு வேறு. முதியவர்கள் உடன் வந்தால் இதற்கென்றே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மொத்தத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து இரவு 9.30 மணிப் பேருந்துக்குக் கிளம்புகிறவர் 6.30 மணிக்கே வீட்டுப் படியிறங்குவது என் கணக்கு.

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது ஒரு பொங்கல் சமயத்தில். கும்பகோணத்துக்குப் போக வேண்டிய என் அத்தையை, பழக்கத்தின் காரணமாக நேரே கோயம்பேட்டுக்கு அழைத்துப் போனேன். நுழைவாயிலில் நின்று கைப்பேசியில் வந்திருந்த டிக்கெட்டைத் திறந்தபோதுதான், தேதிக்கும் இருக்கை எண்ணுக்கும் நடுவே ஏறுமிடம் கிளாம்பாக்கம் என்று இருந்ததைப் பார்த்தேன். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி 10.20, வண்டி போய் 50 நிமிடம் ஆகியிருந்தது. கட்டிய பணம் வீணாயிற்று. முன்பதிவில்லாத ஒரு பேருந்தின் கடைசி வரிசையில் அத்தை உட்கார்ந்து போனார். ஒரு வார்த்தைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து, டிக்கெட் வந்தவுடன் ஏறுமிடத்தையும் புறப்படும் நேரத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பயணம் செய்பவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முன்பதிவை அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் இணையதளத்திலோ செயலியிலோ நீங்களே செய்துகொள்ளலாம். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுந்தூரங்களுக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளைத் தேடுங்கள். அவற்றில் அல்ட்ரா டீலக்ஸ், ஏசி, படுக்கை வசதி என்று வகைகள் உண்டு. நடுத்தரத் தொலைவுகளுக்கு விழுப்புரம், கும்பகோணம், சேலம் போன்ற கோட்டப் பேருந்துகள் அடிக்கடி கிளம்புவதால், பண்டிகையல்லாத நாட்களில் முன்பதிவு இல்லாமலே இடம் கிடைத்துவிடும். பயணத்தின்போது ஒரு அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே. வெளியூர்ப் பேருந்துகளுக்குப் பொருந்தாது. ஆயினும் வீட்டிலிருந்து நிலையம் வரை அந்தப் பேருந்துகளில் இலவசமாகப் போய்விடலாம்.

ஏறுவதற்கு முன் முகப்புக் கண்ணாடியில் உள்ள பலகையை முழுவதும் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கடைசி ஊர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வழி’ என்று போட்டிருக்கும் ஊர்கள்தான் நடுவில் இறங்குகிறவருக்கு முக்கியம். அதன்பிறகும் நடத்துநரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணே, வண்டி ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே போயிடுமா?’ திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ டிக்கெட் எடுத்துவிட்டு, நள்ளிரவில் புறவழிச்சாலை ஓரம் இறக்கிவிடப்பட்டு, ஆட்டோவும் இல்லாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே. பெண்கள் தனியாகப் போகும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

தீபாவளி, பொங்கல் நாட்களில் மேலே சொன்ன ஏற்பாடுகள் தற்காலிகமாக மாறலாம். எந்த ஊர்ப் பேருந்து எங்கிருந்து புறப்படும் என்ற அறிவிப்பு அரசிடமிருந்து சில நாட்கள் முன்னதாகவே நாளிதழ்களில் வந்துவிடும். அதைப் பார்த்தபிறகே கிளம்புங்கள்.

திரும்பி வருவதற்கும் திட்டம் வேண்டும். தெற்கிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் பல, விடிவதற்கு முன்பே கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். இருட்டில் அதிகக் கட்டணம் கேட்கும் ஆட்டோக்களில் ஏறாமல், முனையத்துக்குள்ளேயே வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு, முதல் ரயில்கள் ஓடத் தொடங்கியதும் கடற்கரைக்குப் போகும் வண்டியைப் பிடியுங்கள். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கிவிடும் என்பதால், கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறினால் விம்கோ நகர் வரை உட்கார்ந்தே வந்துவிடலாம்.