20 என்று எழுதாதீர்கள்: அவசரப் பிரிவுக்கு மாறிவரும் செவிலியர்களுக்கு

அறுவைச் சிகிச்சை வார்டில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவள் நான். இப்போது மாறுதலில் வரும் சிஸ்டர்கள் என் பழைய தவறுகளை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கையுறை, மருந்தின் பெயர் சரிபார்ப்பு பற்றியெல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வார்டில் ஊறிய பழக்கங்கள்தான் இங்கே காலை வாரிவிடுகின்றன.

டாக்டர் எழுதட்டும் என்று நிற்பது

108-இல் வந்து இறங்குகிறவரின் பெயர்கூடச் சில நேரம் தெரியாது. கேஸ் ஷீட் வரும்வரை காத்திருக்க முடியாது. நெஞ்சுவலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து, அதை டாக்டர் பார்த்திருக்க வேண்டும். சீட்டு வாங்க உறவினரை வரிசைக்கு அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்காதீர்கள்.

மூச்சை எண்ணாமல் எழுதுவது

எனக்கு இன்றும் ஆற்றாமை தருவது இதுதான். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு மூன்றையும் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அதனால் எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுகிறோம். வார்டில் இரவுப் பணியில் 30 படுக்கைக்கும் வரிசையாக 20 எழுதியவள்தான் நானும். இங்கு வந்த இரண்டாவது வாரம், காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவருக்கும் அப்படியே எழுதினேன். டாக்டர் வந்து எண்ணியபோது 34. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. நான் எண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் எண்ணவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி வயிற்றுவலி, வாந்தி என்று வந்தாள். ஆக்ஸிஜன் 99. மூச்சு 20 என்று புதிய சிஸ்டர் எழுதி, அவ்வளவு அவசரமில்லாதவர்களுக்கான மஞ்சள் பகுதிக்கு அனுப்பியிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். நாக்கு வறண்டு கிடந்தது. எண்ணினேன்: 38. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால், சர்க்கரைமானி எண்ணே காட்டாமல் ‘ஹை’ என்றது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கிறது, ரத்தத்தில் அமிலம் சேர்கிறது, அதைக் கரியமில வாயுவாக வெளியேற்றத்தான் அந்த வேகமான, ஆழமான மூச்சு. நுரையீரலில் கோளாறு இல்லாததால் ஆக்ஸிஜன் அளவு குறையவில்லை. 99 என்ற எண்ணை நம்பி ஒரு மணி நேரத்தை இழந்தோம். உயிராபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பகுதிக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டாள்.

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். புடவையோ போர்வையோ மறைத்தால் வயிற்றின் மேல் லேசாகக் கை வையுங்கள். முழுதாக ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் எழுதிவிட்டு நகராதீர்கள், டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து குடித்தவரை உடையோடு கிடத்துவது

துணியிலும் முடியிலும் ஒட்டியது தோல் வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். உடையை வெட்டி எடுங்கள், உடம்பையும் முடியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பாம்புக்கடிக்குப் பிளாஸ்டிக் குழாய்

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க அதை எடுத்துவைப்பது கண்ணாடிக் குழாயில், உலர்ந்ததில். 20 நிமிடம் அசைக்காதீர்கள்.

கடிவாய் இல்லை, பாம்பு இல்லை என்று முடிவுகட்டுவது

விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறவரிடம் இரவு தரையில் படுத்தாரா என்று கேளுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீக்கம் இருக்காது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். இமை சரிகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்லி, நேரத்தோடு குறித்துவையுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி நேரத்தில் 12-இல் நின்றுவிட்டால், டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, செயற்கைச் சுவாசத்துக்குத் தொண்டை வழியே குழாய் போடும் கருவிகள் உள்ள தட்டை நீங்களே எடுத்துவந்து தலைமாட்டில் வையுங்கள்.