தில்லி வெயிலில் பறவைகளுக்கு ஒரு பாலைத் தோட்டம்

தில்லியில் கீழ்த்தள வீடு வாய்த்த நம்மவர்களில் பலர், வாசலுக்கு முன் கிடக்கும் இருபதடி நிலத்தில் முதல் வேலையாகப் புல்தரை போடுகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடும் வெயிலும், ‘லூ’ எனப்படும் அனற்காற்றும் அதைப் பொசுக்கிவிடுகின்றன. புல்தரையில் மைனாவும் கொண்டலாத்தியும் இரை தேடும் என்பது உண்மைதான். ஆனால் பறவைக்கு ஒளியவோ கூடு கட்டவோ அங்கு இடமில்லை. இந்நகரத்து மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடுவதால், எஞ்சிய மாதங்களைத் தாங்கி நிற்கக்கூடிய ஆரவல்லிக் குன்றுகளின் முட்செடிகளைக் கொண்டே தோட்டம் அமைப்பதுதான் முறை.

மே மாதத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழிகளை வெட்டி வெயிலில் காயவிட்டு, முதல் மழை இறங்கியபின் ஜூலையில் நட வேண்டும். நான் மார்ச்சில் நட்ட முதல் வன்னிக் கன்று அந்த ஜூனைத் தாண்டவில்லை; மறு ஆண்டு மழையோடு நட்டது வேர்பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு கோடைகளுக்கு, தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை பாத்தி நிறைய நீர்விட்டு ஆழமாக ஊறவிடுவது நல்லது. அப்போதுதான் வேர் கீழ்நோக்கி இறங்கும்.

எதை நடுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னியே இங்கு ஜண்ட் என்றும் கேஜ்ரி என்றும் வழங்குகிறது. இடமிருந்தால் ஒன்று போதும். பாலை நிலத்து மரமாக நம் பழம்பாடல்கள் காட்டும் உகாய், இங்கு பீலு என்ற பெயரில் வளர்கிறது. கடும் வெயிலில் அதன் சிறு பழங்களைக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் விரும்பி உண்ணும். கரீல் என்னும் இலையற்ற முட்புதர் வேனிலின் தொடக்கத்தில் செங்கல் நிறத்தில் பூக்கும்போதும், ஆடாதோடை வெண்மையாகப் பூத்திருக்கும்போதும் ஊதாத் தேன்சிட்டு தேடி வரும். நிலம் மிகச் சிறியதானால் மரங்களை விட்டுவிட்டு, ஒரு காட்டிலந்தைப் புதரையும் இரண்டு ஆடாதோடையையும் மட்டும் வையுங்கள். இலந்தையின் முள்ளை வெட்டி அழகுபடுத்தக் கூடாது. பூனையும் காகமும் எளிதில் நுழைய முடியாத அந்த முள்ளுக்குள்தான் சிறு பறவை துணிந்து கூடு கட்டும். தேன்சிட்டும் தையல்சிட்டும் கூட்டைப் பிணைக்கச் சிலந்தி நூலை எடுக்கின்றன. ஆகவே ஒட்டடைக் கோலோடு புதருக்குள் போகாதீர்கள். தென்மாவட்டக் கண்மாய்களை அடைத்த அதே சீமைக் கருவேலம், ஆரவல்லியின் நீட்சியாகத் தில்லிக்குள் கிடக்கும் ரிட்ஜ் காட்டையும் ஆக்கிரமித்திருக்கிறது. அதன் நாற்று தானாக முளைத்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும். இந்த மண்ணுக்குரிய செடிகளை நேரில் பார்த்து அறிய விரும்புவோர் வசந்த் விஹாரில் உள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் செடிகளின் அடியிலேயே பரப்புங்கள். ஈரம் நிற்பதோடு, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். ஒரு மூலையில் இரண்டு முழ இடத்தை மட்டும் வெறும் பொடிமண்ணாக விட்டுவையுங்கள். சிட்டுக்குருவி அதில் புழுதிக் குளியல் போடும். 2012இல் தில்லியின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட இந்தக் குருவி, தன் குஞ்சுகளுக்குத் தானியத்தை அல்ல, புழு பூச்சிகளையே முதன்மையாக ஊட்டுகிறது. பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்தில் குருவிக்கூண்டு தொங்கவிடுவதில் பொருளில்லை.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் விரைவாகப் பலன் தருவது. வாயகன்ற மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல் நீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். வழுக்கும் பீங்கானில் சிறு பறவை நிற்க அஞ்சும். தட்டு நிழலில், புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்கட்டும். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். வெகுதூரம் தள்ளிவைத்தால், வைரி என்னும் வேட்டைப்பறவை வந்தால் சிறு பறவைக்கு ஓடி ஒளிய இடமிருக்காது. அடியில் ஊசித்துளையிட்ட ஒரு சிறு கலயத்தை மேலே கட்டி நீர் சொட்டவிட்டால், அந்த ஓசைக்கும் அசைவுக்கும் பறவைகள் இன்னும் விரைவில் வரும். நீரைத் தினமும் மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரவும் ஊர் இது. தேங்கிய நீரில் கொசு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.

உணவு வைப்பதில் கை சற்றுக் குறுகியே இருக்கட்டும். ஒரு பிடி கம்பு அல்லது நொய் போதுமானது. அள்ளிக் கொட்டினால் மாடப்புறாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு சிறு பறவைகளை விரட்டிவிடும். காலையில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை விடவேண்டியதில்லை. உப்பில்லாத சோறாக, புதர்களிலிருந்து விலகி மதில்மேல் வைத்தால், காகங்கள் தேன்சிட்டின் கூட்டருகே சுற்றுவது குறையும்.

தில்லிக்கே உரிய ஒரு வேலை ஆகஸ்ட்டில் இருக்கிறது. சுதந்திர தினத்தையொட்டி வானமெங்கும் பட்டம் பறக்கும். அறுந்த மாஞ்சா நூல் வன்னியிலும் இலந்தையிலும் சிக்கி, பறவைகளின் சிறகையும் காலையும் அறுக்கும். 16ஆம் தேதி காலையிலேயே ஏணி வைத்து ஏறி, கையுறை அணிந்து, நூலை இழுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, உறையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.