வகுப்பறையில் திமிங்கல ஆணையத்தைக் கூட்டுவது எப்படி?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும், தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகிக் கிடக்கும் நாட்களில், திமிங்கல வேட்டைக்கு விதி வகுக்கும் நாடுகளின் அமைப்பான சர்வதேச திமிங்கல ஆணையத்தை வகுப்பில் நாடகமாகக் கூட்டுகிறோம். ஓர் அரசு ஒரு தொழிலை ஏன் விடாமல் தாங்கிப் பிடிக்கிறது என்பதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டு பாடவேளை போதும்.

முதல் ஆண்டு நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். “திமிங்கல வேட்டை சரியா, தவறா?” என்று பட்டிமன்றம் வைத்தேன். “பாவம் டீச்சர், கொல்லக் கூடாது” என்று எல்லோரும் சொல்ல, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் மனமும் அந்தப் பக்கம்தான். ஆனால் அன்று அவர்கள் அரசியல் எதையும் கற்கவில்லை. இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டைக் கொடுத்து, அந்த நாட்டுக்கு என்ன இழப்பு, என்ன லாபம் என்று கேட்கிறேன்.

முதலில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். இருபது மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக் கொடிக்கம்பத்தில் கட்டி நீட்டுங்கள். எங்கள் பள்ளியில் அது சத்துணவுக் கூடத்தின் வாசல்வரை போகும். அந்த நீளம் ஒரு துடுப்புத் திமிங்கலம். 2024-இல் ஜப்பான் தன் வணிக வேட்டைப் பட்டியலில் சேர்த்த இனம். கயிற்றின் ஓரமாகப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வையுங்கள். எந்த ஆண்டும் அந்த இடத்தில் சத்தம் அடங்கிவிடும்.

உள்ளே வந்ததும் நாடுகளைப் பிரித்துக் கொடுங்கள். ஜப்பான், நார்வே, ஐஸ்லாந்து, அமெரிக்கா, பிரேசில், டொமினிகா, மங்கோலியா, இந்தியா கட்டாயம் வேண்டும். நார்வேக்கு வேலை எளிது: 1982-இல் ஆணையம் வணிக வேட்டைக்கு விதித்த தடைக்கு எதிரான தன் ஆட்சேபணையை அது விலக்கிக்கொள்ளவே இல்லை (ஆட்சேபித்த நாட்டைத் தடை கட்டுப்படுத்தாது), 1993 முதல் வணிக வேட்டையும் நடத்துகிறது. ஐஸ்லாந்து 1992-இல் வெளியேறி, 2002-இல், தடை தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற நிபந்தனையோடு திரும்பியது. மங்கோலியா அட்டையை வாங்குகிற பிள்ளை, “கடலே இல்லாத நாட்டுக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கும். பதில் சொல்லாதீர்கள். ஜப்பானிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

ஜப்பானுக்குக் கெட்டிக்கார மாணவரைப் போடுங்கள். ‘எங்கள் பண்பாடு’ என்ற ஒற்றை வாதத்தோடு அவர் நிறுத்திக்கொள்ள விடக்கூடாது. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், 1946-இல், அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் ஆக்கிரமிப்பு நிர்வாகமே ஜப்பானியக் கப்பல்களை அண்டார்டிகாவுக்கு அனுப்ப அனுமதி தந்தது. பள்ளி மதிய உணவில் திமிங்கல இறைச்சி தின்று வளர்ந்தது ஒரு தலைமுறை. 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் இருந்த நுகர்வு, இப்போது சில ஆயிரம் டன்தான். அப்படியானால் அரசு ஏன் இன்னும் பணம் கொடுக்கிறது?

சென்ற ஆண்டு இதற்கு விடை கண்டவர் ஒரு சிறு தேயிலை விவசாயியின் மகள். பச்சைத் தேயிலைக்கு ஆதரவு விலை கேட்டு ஊரே நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். “தாய்ஜி, அயுகாவா, ஷிமோனோசெகி என்ற திமிங்கல வேட்டை ஊர்கள் எல்லாம் நம் ஊர் மாதிரிதானே டீச்சர்? தொழில் போனால் ஊர் போய்விடும், ஓட்டும் போய்விடும்” என்றார். ஷிமோனோசெகி, பிரதமராக இருந்த ஷின்சோ அபேயின் தொகுதியில் இருந்தது என்பதை அப்போதுதான் சொன்னேன். இன்னொரு கவலையையும் ஜப்பான் பேச வேண்டும்: எண்ணிக்கை போதுமான அளவு இருந்தும் உணர்ச்சிக்காக ஓர் உயிரினத்தை விட்டுக்கொடுத்தால், நாளை சூரை மீனையும் விடச் சொல்வார்கள்.

அடுத்தது அவரைக் கொட்டை. ஆளுக்கொரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள். 1982-இல் வணிக வேட்டைக்குத் தடை வந்தபோது ஆதரவு 25, எதிர்ப்பு 7, வாக்களிக்காதவர் 5. விதிப்படி பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு வேண்டும், 32-க்கு 24. பலகையில் 25 வெள்ளைக் கொட்டை, 7 கறுப்புக் கொட்டை வைத்து, இரண்டு வெள்ளையை மட்டும் கறுப்பாக மாற்றச் சொல்லுங்கள். தடை விழுந்துவிடும். சிறிய தீவு நாட்டின் ஒரு வாக்குக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று இந்தியா தடைக்கு ஆதரவாக வாக்களித்தது. செயின்ட் லூசியாவும் அப்படியே. பிரேசில் எதிர்த்தது. பின்னாளில் செயின்ட் லூசியா ஜப்பான் பக்கம் போனது. 2018-இல் தன் ஃப்ளோரியானோபோலிஸ் நகரில் கூடிய ஆணையத்தில் வேட்டைக்கு எதிரான தீர்மானத்தைப் பிரேசிலே நிறைவேற்ற வைத்தது. இந்த இடமாற்றத்துக்கு நேரம் கொடுங்கள். மீன்பிடித் துறைமுகங்களுக்கு ஜப்பான் தரும் உதவியைக் காட்டி, ‘வாக்கு வாங்குகிறார்கள்’ என்று எதிர்த்தரப்பு குற்றம்சாட்டுகிறது, ஜப்பான் மறுக்கிறது. 2000-இல் தன் நாடு ஜப்பானோடு சேர்ந்து வாக்களித்ததை எதிர்த்து டொமினிகாவின் அமைச்சர் ஆதர்ட்டன் மார்ட்டின் பதவி விலகினார். டொமினிகா பிள்ளை எழுந்து அந்த விலகலை அறிவிக்கட்டும்.

அமெரிக்காவுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: ‘ஆட்சேபணையை விலக்கிக்கொள், இல்லையென்றால் என் கடலில் உனக்கு மீன் இல்லை.’ 1980-களில் ஜப்பான் இந்த நெருக்குதலுக்குப் பணிந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கக் கடலில் அதன் மீன் ஒதுக்கீடும் இல்லாமல் போனது. ஆகவே, ஜப்பானிடம் மீன் ஒதுக்கீட்டுக்கென ஓர் அட்டையைக் கொடுத்து வைத்து, அது பணிந்ததும் அதைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானாக இருந்த மாணவன் உண்மையாகவே கோபப்பட்டு, “சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே!” என்று மேசையைத் தட்டினான். ஆராய்ச்சிக்கென்று திமிங்கலம் பிடிக்க அனுமதி வழங்கும், ஆணையத்தின் ஒப்பந்தத்திலுள்ள எட்டாவது பிரிவை 1987-இல் ஜப்பான் ஏன் கையில் எடுத்தது என்பது அந்தத் தட்டலுக்குப் பிறகு எளிதில் விளங்கியது. 2014-இல் சர்வதேச நீதிமன்றம், அண்டார்டிகாவில் நடப்பது ஆராய்ச்சிக்கான வேட்டை இல்லை என்று 12-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்ததையும் அவனே படித்தான், குரல் கம்மியிருந்தது.

அமெரிக்காவையும் சும்மா விடாதீர்கள். அலாஸ்காவின் பூர்வகுடிகள் திமிங்கலம் பிடிக்க அதற்கும் ஆணையத்தின் ஒதுக்கீடு வேண்டும். 2002-இல் ஷிமோனோசெகியில் கூடிய கூட்டத்தில் ஜப்பான் அணி அதைத் தடுத்தது. பிறகு அதே ஆண்டு சிறப்புக் கூட்டம் நடத்தித்தான் ஒதுக்கீடு கிடைத்தது.

கடைசியாக 2006. தடை இனித் தேவையில்லை என்ற தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு: ஜப்பான் அணி 33, எதிர் அணி 32. ஜப்பான் மேசை ஆரவாரம் செய்யும். செய்யட்டும். பிறகு தடையை நீக்க எத்தனை வேண்டும் என்று எண்ணச் சொல்லுங்கள்: 65-க்கு 49. ஆரவாரம் நின்றுவிடும்.

அப்போது ஜப்பான் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போகட்டும். 2018 டிசம்பர் 26 அன்று அறிவித்து, அடுத்த ஜூன் 30-இல் வெளியேறியது. ஜூலை 1 முதல் வணிக வேட்டை, தன் கடல் எல்லைக்குள் மட்டும், அண்டார்டிகாவை விட்டுவிட்டது. வேட்டை தொடங்கியதையும் அண்டார்டிகாவை விட்டதையும் வாசலில் நின்று அவர் சொல்ல வேண்டும். அவரைத் திரும்ப அழைக்காமல் அடுத்த வாக்கெடுப்பை நடத்துங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். குளிர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை.